ஹம்சா பார்த்ததும் பெட்டி எண்ணியதும்

மயிலாப்பூர் சித்திரைக்குளத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் கிச்சாவைத் தெரியாத வீடு கிடையாது. மின்சார வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிற உத்தியோகம். கிருஷ்ணசாமி என்ற முழுப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. இருபத்தாறு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினார். டார்ச்சை மீட்டர் கண்ணாடியில் அடிப்பார், எண்ணைப் பார்ப்பார், ஆணியில் தொங்குகிற வெள்ளை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு சைக்கிளாவது வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று யாராவது கேட்டால், "நடக்கறதுக்குத்தானே சம்பளம் தரான்?" என்பார்.

இந்த வேலையில் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாது. குளத்தின் தெற்குப் பக்கத்தில் புஷ்பம் என்று ஓர் அம்மாள் இருந்தாள். மகள் பிரசவத்துக்கு மதுரை போய் இரண்டு மாதம் கழித்து வந்தவள், அட்டையில் இருநூற்றுப் பன்னிரண்டு யூனிட் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கிச்சாவை நடுத்தெருவில் பிடித்துக்கொண்டாள். வீடு பூட்டிக் கிடந்தது, பல்பு கூட எரியவில்லை என்று அழாக்குறையாகச் சொன்னாள். கிச்சாவுக்குக் கோபமே வராது. "மீட்டர் பொய் சொல்லாதும்மா. அது காட்டறதத்தான் நான் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அதை மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் பின்னால் எவ்வளவு வருந்தினாள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த மனைவிதான் ஹம்சா. இது அவளுடைய கதை. மந்தைவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் மூன்றாம் வகுப்பு டீச்சர். குண்டு குண்டான கையெழுத்து. குழந்தை பொய் சொன்னால் அதன் காதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று பள்ளிக்கூடத்தில் பேர். அவள் சொன்னதை யாரும் இல்லை என்று சொன்னது கிடையாது. சொந்தத்தில் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் நிறுத்தி ரொம்ப வருஷம் ஆகிவிட்டது.

கிச்சாவின் வியாதி முதலில் தெரிந்தது வெள்ளை அட்டைகளில்தான். தொண்ணூற்றொன்றில் அவர் எழுதுகிற எண்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. மூன்றா எட்டா என்று தெரியாமல் ஜனங்கள் ஆபீசுக்குப் போய்க் கேட்டார்கள். பிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்கின்சன் என்றார் டாக்டர். அந்தப் பெயரை ஹம்சா அன்றுதான் முதல் தடவை கேள்விப்பட்டாள். தொண்ணூற்று மூன்றில் கிச்சா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து ஹம்சாவும் வேலையை விட்டுவிட்டாள். சர்வீஸ் இன்னும் நாலு வருஷம் பாக்கி இருந்தது.

தொண்ணூற்றெட்டில் கால் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. இதை எப்படிச் சொன்னாலும் பார்க்காதவர்களுக்குப் புரியாது. நடந்துகொண்டே வருவார். நிலைப்படி வரும். அவ்வளவுதான், கால் தரையோடு நின்றுவிடும். உடம்பு மட்டும் முன்னால் போகப் பார்க்கும். "ஏன்னா, காலைத் தூக்குங்கோ" என்பாள் ஹம்சா. "தூக்கறேன்டி" என்பார். தூக்கமாட்டார். பாத்ரூம் வாசலில் பத்து நிமிஷம், சமையலறை வாசலில் கால் மணி. ஆயிரக்கணக்கான மாடிப்படிகளில் ஏறி இறங்கிய மனுஷர் சொந்த வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதனால் நாள் பூராவும் ஊஞ்சல்தான். கூடத்தில் அவர் அப்பா காலத்துத் தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி. நாற்காலியில் உட்கார்ந்தால் அவரால் எழுந்திருக்க முடியாது. ஊஞ்சல் கொஞ்சம் உயரம், இறங்குவது சுலபம். காபி, பேப்பர், மாத்திரை, கிரிக்கெட் எல்லாம் அதில்தான். அந்த வீட்டில் உட்காருவது என்றால் ஊஞ்சலில் உட்காருவதுதான். உட்கார்ந்தபடியே கட்டைவிரலால் தரையை உந்தி ஆடிக்கொண்டிருப்பார். நடக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கிற அதே கால், உந்தச் சொன்னால் மட்டும் தப்பாமல் உந்தியது. இறங்கியதும் ஹம்சா சங்கிலியைப் பிடித்து ஊஞ்சலை நிறுத்திவிடுவாள். காலி ஊஞ்சல் ஆடக் கூடாது என்பது புகுந்த வீட்டில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

டாக்டர் கருணாகரன் அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் நரம்பு வைத்தியர். நல்ல மனுஷர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் ஹம்சாவுக்குத் திட்டித் தீர்க்கவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். சிக்கல் அந்த ஆஸ்பத்திரித் தரையில் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. அதில் கிச்சாவை நடக்கவிட்டால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காலாக எடுத்து வைத்து, வராந்தாக் கோடி வரை போய்த் திரும்பி வருவார். கையைக்கூட வீசுவார்.

"நல்லா நடக்கறாரே மாமி!" என்பார் டாக்டர்.

"ஆத்துல இப்படி இல்லை டாக்டர்" என்பாள் ஹம்சா.

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு. கட்டம்தான் காரணமோ என்று அவளுக்கே தோன்றி, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை எடுத்து வீட்டுச் சிவப்புத் தரையில் முழத்துக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் நடந்தார். அவள் வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தாள். மூன்றாம் நாள் கோட்டின் மேலேயே கால் ஒட்டிக்கொண்டது. ஈரத் துணியை எடுத்து எல்லாக் கோட்டையும் துடைத்தாள். டாக்டரிடம் இதைச் சொன்னால் தன்னைப் பார்த்துச் சிரிப்பாரோ என்று சொல்லவில்லை.

மாத்திரையைக் கூட்டச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டருக்குப் பயம். முன்பு ஒருமுறை கூட்டியபோது கிச்சாவுக்கு ஊஞ்சலுக்கு அடியில் இல்லாத பூனைகள் தெரிந்தன; அவற்றுக்குப் பால் ஊற்றச் சொல்லி ஹம்சாவை விரட்டினார். கூட்டினால் பூனை வரும், குறைத்தால் கால் ஒட்டும்.

கடைசியில் ஒரு நாள் டாக்டர் சொன்னார்: "மாமி, நான் இவரைப் பத்து நிமிஷம் பார்க்கறேன். நீங்க நாள் பூரா பார்க்கறீங்க. ரெண்டும் ஒத்துப் போகலை. இவர் வீட்டுல எவ்வளவு நடக்கறார்னு அளக்கறதுக்கு ஒரு மெஷின் வந்திருக்கு. இடுப்புல கட்டிக்கணும். ஒரு வாரம் உங்க கூட இருக்கட்டும். அது சொல்றபடி மாத்திரையை முடிவு பண்ணுவோம்."

ஹம்சா அன்று கபாலி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தாள். ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே! இனிமேல் தான் வாயைத் திறக்கவே வேண்டாம், மெஷின் சொல்லும். கிச்சாவுக்கும் சந்தோஷம். "எனக்கே மீட்டர் மாட்டறாளா!" என்று நடுங்குகிற கையால் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

பெட்டியைக் கட்ட வந்தவள் அனுப்ரியா. ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி வேலை பார்க்கிறவள், முப்பது வயசு இருக்கும். சோப்பு டப்பா அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. மேலே பதினாலு என்று ஒட்டியிருந்தது. ஓரத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு. வேறு எதுவும் வெளியே தெரியாது, உள்ளே எண்ணி வைத்துக்கொள்ளுமாம். தோல் பெல்ட்டா என்று ஹம்சா கேட்டாள். இல்லை, துணிதான்.

"குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழட்டிடுங்க மாமி. நடுவுல திறக்கக் கூடாது. லைட் மினுக்கினா மெஷின் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ரொம்ப நேரம் மினுக்கவே இல்லைன்னா போன் பண்ணுங்க, பேட்டரி போயிருக்கும்" என்றாள் அனுப்ரியா. மணிக்கு மணி கிச்சா என்ன செய்கிறார் என்று எழுத ஒரு நோட்டும் கொடுத்தாள். போகும்முன் ஊஞ்சலைப் பார்த்துவிட்டு, "எங்க பாட்டி வீட்டுல இருந்தது!" என்று ஆசையாக உட்கார்ந்து ஆடிக்கொண்டே காபி குடித்தாள். அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து ஹம்சா நோட்டு எழுதினாள். இருபத்தேழு வருஷம் பிறத்தியார் நோட்டைத் திருத்தியவள், தன் நோட்டில் ஓர் அடித்தல் இல்லாமல் எழுதினாள். "ஆறு மணி: பாத்ரூம். வாசலில் பன்னிரண்டு நிமிஷம் நின்றார். ஏழு முதல் ஒன்பது வரை: உட்கார்ந்திருந்தார். ஒன்பது: சாப்பாட்டுக்கு எட்டு அடி, கையைப் பிடித்து. பத்து முதல் ஒரு மணி வரை: உட்கார்ந்திருந்தார்." எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஒரு கண் எப்போதும் விளக்கின் மேல்தான். ஊஞ்சல் முன்னே போகும்போது ஒரு மினுக்கு, பின்னே வரும்போது ஒரு மினுக்கு. பார்க்கப் பார்க்க அவளுக்கு நிம்மதி. கிச்சா சில சமயம் ஆடாமல் அப்படியே கண் அயர்ந்துவிடுவார். விளக்கு மினுக்காது. ஐயோ, பேட்டரி போய்விட்டதா, இவ்வளவு நாள் காத்திருந்த சாட்சி வாயை மூடிக்கொண்டதா என்று அவளுக்குத் திக்கென்றாகும். மெதுவாகப் போய் ஊஞ்சலை ஓர் ஆட்டு ஆட்டுவாள். மினுக்கும். அப்பாடா என்று இன்னும் நாலு ஆட்டு ஆட்டிவிட்டுச் சமையலுக்குப் போவாள்.

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஹம்சாவுக்குப் புரியவில்லை. மெஷின் என்றால் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனம் உள்ளது என்று நம்பி வளர்ந்த தலைமுறை அது. ஊஞ்சலுக்கும் நடைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாமலா இருக்கும் என்றுகூட அவள் யோசித்திருக்கமாட்டாள். யோசிக்கவே இல்லை.

அடுத்த வாரம் ரிசல்ட் கேட்க மைத்துனன் அம்பியும் கூட வந்தான். கிச்சாவின் தம்பி, மேற்கு மாம்பலத்தில் இருக்கிறான். அண்ணாவை மன்னி பொத்திப் பொத்தி வைத்தே முடக்கிவிட்டாள் என்பது அவனுடைய நெடுநாள் அபிப்பிராயம். அதை அவன் ஒளித்தும் வைத்ததில்லை.

டாக்டர் ஒரு நீளக் காகிதத்தை மேஜையில் விரித்தார். மலையும் பள்ளமுமாகக் கோடுகள்.

"சராசரியா ஒரு நாளைக்கு எட்டாயிரத்து எழுநூறு அடி" என்றார்.

ஹம்சா நோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

"வேற யாரோட காகிதமோ டாக்டர் அது."

"பதினாலாம் நம்பர். இவரோடதுதான். பாருங்க, ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும் 'உட்கார்ந்திருந்தார்'னு எழுதியிருக்கீங்க. மெஷின் ரெண்டாயிரத்துக்கு மேல காட்டுது."

"நான் பக்கத்துலதானே டாக்டர் இருந்தேன்? கீரை ஆஞ்சிண்டு இருந்தேன். ரெண்டு கண்ணாலயும் பார்த்துண்டுதானே இருந்தேன்?"

அம்பி மின்விசிறியைப் பார்த்தான். டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். அந்தக் கனிவுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "உங்களைக் குறை சொல்லலை மாமி. கூடவே இருக்கறவங்களுக்குப் பயத்துல எல்லாமே பெரிசாத் தெரியும். நாங்க நிறையப் பார்த்திருக்கோம். நான்தான் தப்பு பண்ணிட்டேன், உங்க பேச்சைக் கேட்டு மாத்திரையைக் கூட்ட இருந்தேன். இவ்வளவு அசைவு இருக்குன்னா மருந்து ஜாஸ்தியாவே இருக்கு. பூனை எல்லாம் அதனாலதான் வந்திருக்கு. அஞ்சு மாத்திரையை நாலாக்குவோம்." பிறகு கிச்சாவைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்றார்.

ஹம்சாவும் கிச்சாவைப் பார்த்தாள். சொல்லுங்கோன்னா, நீங்களாவது சொல்லுங்கோ, என்று அவள் முகம் கெஞ்சியது. கிச்சாவின் குரல் வியாதியில் தேய்ந்து கிசுகிசுப்பாகிவிட்டிருந்தது. எட்டாயிரத்து எழுநூறு என்ற எண்ணில் அவர் மயங்கிப்போயிருந்தார். பழைய நாள் திரும்பி வந்த பூரிப்பு அந்த அசையாத முகத்தில்கூடத் தெரிந்தது.

"மீட்டர் பொய் சொல்லாது டாக்டர்" என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது அம்பி அவளுக்கு உபதேசம் செய்துகொண்டே வந்தான். "தப்பா எடுத்துக்காதீங்கோ மன்னி. நீங்க பண்றதுதான் ஜாஸ்தி. கையைப் பிடிக்காதீங்கோ. கொஞ்சம் விட்டுத்தான் பாருங்களேன். நீங்க இல்லாதப்போ நன்னா நடக்கறாரோ என்னமோ." இத்தனை வருஷத்தில் அவள் சொல்லை ஒருவர் நம்பவில்லை என்பது அதுதான் முதல் தடவை. அதில் சொந்தப் புருஷனும் சேர்த்தி.

கொடுமை என்னவென்றால், அம்பியின் பேச்சு அவளுக்குள் இறங்கிவிட்டது. ஒரு வேளை உண்மையோ? நான் சமையலறையில் இருக்கும்போது எழுந்து நடக்கிறாரோ? மறுநாள் காலை, "மாட வீதிக்குப் போய்க் காய் வாங்கிண்டு வரேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள். மாட வீதிக்குப் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்துச் சந்தில் கூடத்து ஜன்னல் ஓரமாக நின்றாள். ஐம்பத்தேழு வயசில், கையில் காலிப் பையோடு, சொந்த வீட்டுக்குள் திருடனைப் போல எட்டிப் பார்த்தாள்.

கிச்சா ஆடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தினார். எழுந்திருக்கப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று தடவை. நாலாம் தடவை நின்றுவிட்டார். கால் வரவில்லை. சங்கிலியைப் பிடித்தபடி நின்றார். வேஷ்டி நனைய ஆரம்பித்தது. "ஹம்சா" என்று கூப்பிட்டார், யாருக்கும் கேட்காத அந்தக் குரலில். "ஹம்சா, ஹம்சா."

அவளுக்கு அழுகை பீறிட்டது. வாயைப் பையால் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். சுத்தம் செய்துவிட்டு அவர் காலடியில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தான் பார்த்தது நிஜம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? யாரிடம் போய்ச் சொன்னாலும் அந்த நீளக் காகிதத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

மாத்திரை நாலாகியது. இரண்டே வாரத்தில் கிச்சா ஊஞ்சலை உந்துவதும் குறைந்தது. வீட்டு வேலை செய்கிற வேலம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள்.

"இன்னா மாமி, ஐயரு இப்டி கீறாரு? நல்லா ஆடிக்கினு இருந்தாரே. மாத்தர கொறச்சதுலேந்துதான் மாமி இது. டாக்டராண்ட போய்ச் சொல்லு."

"சொன்னேன் வேலம்மா. போன் பண்ணினேன். ஒரு மாசம் பொறுத்துப் பாருங்கோங்கறார்."

"நீ கூடவே கீறே. உன் பேச்ச கேக்காம வேற யாரு பேச்ச கேப்பாரு அவரு?"

பத்து வருஷம் படித்தவர்களுக்குத் தோன்றாத கேள்வி.

அந்த மாதம் மயிலாப்பூரில் குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோய், லாரிதான் வந்தது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் பத்து நிமிஷம் நிற்கும். ஒரு காலை, கிச்சா பாத்ரூம் வாசலில் கால் ஒட்டி நிற்கிறார். ஹம்சா பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தெருவில் லாரியின் ஹார்ன். வீட்டில் அரைக் குடம்கூட இல்லை. வேலம்மா இன்னும் வரவில்லை. ஹம்சா கையைப் பிசைந்தாள். "ஏன்னா, கதவைக் கெட்டியாப் பிடிச்சிக்கோங்கோ. ரெண்டு குடம். ஓடி வந்துடறேன். அப்படியே நில்லுங்கோ." நிற்பது ஒன்றுதானே அவரால் முடிந்தது.

இரண்டாவது குடம் நிரம்பும்போது உள்ளே சத்தம் கேட்டது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆபரேஷன் நடந்தது. கிச்சாவைப் படுத்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இனி நடப்பது கஷ்டம் என்று எலும்பு டாக்டர் அம்பியிடம் தனியாகச் சொன்னார். அம்பி மன்னியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னான். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டார்கள். ஊஞ்சல் பலகையில் மருந்து பாட்டில்கள், பஞ்சு, ஃபிளாஸ்க்.

லாரிக்காகப் போனேனே என்று ஹம்சா தன்னைத்தானே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை. ஆனால் அதற்கு அடியில் வேறொரு முள் இருந்தது. எட்டாயிரத்து எழுநூறு. அது எங்கிருந்து வந்தது?

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணிக்கு அனுப்ரியா வந்தாள். கையில் அதே பெட்டி. வாசலிலேயே சிரித்துக்கொண்டு, "ரெண்டாவது ரீடிங் மாமி. மருந்து குறைச்ச பிறகு எப்படின்னு பார்க்கணும்ல? டாக்டர் சார் சிங்கப்பூருக்கு கான்ஃபரன்ஸ் போயிருக்கார். மாமாவோட காகிதத்தைத்தான் முதல்ல காட்டப் போறாராம்" என்று பேசிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் நின்றாள். ஆபரேஷன் நடந்தது வேறு ஆஸ்பத்திரியில். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஹம்சா நடந்ததைச் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அனுப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியைப் பையில் போடப் போனாள். அவசரத்தில் பெட்டி ஆடியது. விளக்கு மினுக்கியது.

ஹம்சா அதையே பார்த்தாள்.

"இப்போ எதுக்கு மினுக்கறது? யாரும் நடக்கலையே?"

"அது ஒண்ணும் இல்லை மாமி. ஆட்டினா ஒரு அடின்னு எண்ணிக்கும். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு தடவை லைட் வரும்."

"வேலை செய்யறதுன்னு அர்த்தம்னியே?"

"அதுவும்தான். எண்ணினாத்தானே வேலை செய்யுதுன்னு..." அனுப்ரியா பாதியில் நிறுத்தினாள். ஹம்சாவின் முகம் அப்படி இருந்தது.

ஹம்சா ஊஞ்சலிடம் போனாள். பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தாள். பஞ்சை எடுத்தாள். ஃபிளாஸ்க்கை எடுத்தாள். பலகையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"இதுல உக்காரும்மா. பெட்டியை இடுப்புல கட்டிண்டு உக்காரு."

அனுப்ரியா உட்கார்ந்தாள். ஹம்சா ஊஞ்சலை ஓர் ஆட்டு ஆட்டினாள். முன்னே போகும்போது ஒரு மினுக்கு, பின்னே வரும்போது ஒரு மினுக்கு. இன்னோர் ஆட்டு. இன்னொன்று. அனுப்ரியா காபி தம்ளரோடு அதே பலகையில் ஆடிய அன்றைய நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். கால் தரையிலேயே படவில்லை; பெட்டியின் கணக்கில் அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"நான்தான்மா ஆட்டினேன்" என்றாள் ஹம்சா. "மினுக்கலைன்னா பயந்துண்டு நான்தான் வந்து வந்து ஆட்டினேன். அவரைக் கீழே தள்ளினது லாரி இல்லை. நான்தான்."

கட்டிலில் கிச்சா விழித்திருந்தார். விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஹம்சா குனிந்து காதை வைத்தாள்.

"அந்தப் புஷ்பம் அம்மா... மதுரைக்குப் போனாளே" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "வீடு பூட்டித்தான்டி இருந்திருக்கும். நிஜமாத்தான் சொல்லியிருக்கா. தெருவுல நிக்க வெச்சு அழ விட்டேனே."

ஹம்சா அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். அந்த வியாதியில் இமை கொட்டுவதே அபூர்வம். கண்ணீர் அதுபாட்டுக்குக் காதுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

அனுப்ரியா ஊஞ்சலிலிருந்து இறங்கிவிட்டாள். "சார் வந்ததும் நானே சொல்றேன் மாமி. சிங்கப்பூருக்கே போன் பண்ணிச் சொல்றேன். அந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டாம்னு சொல்றேன். மாத்திரையைப் பழையபடி அஞ்சாக்கச் சொல்றேன்."

"ஆக்கச் சொல்லு" என்றாள் ஹம்சா. "கையாவது அசையட்டும்."

அனுப்ரியா பையிலிருந்த படிவத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். இரண்டாவது ரீடிங் என்று போட்ட கட்டம் காலியாக இருந்தது. அவளுக்குக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் போகவும் தெரியவில்லை.

ஹம்சாவே பேனாவை வாங்கினாள். மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டுக் கையெழுத்தில் பூஜ்யம் போட்டாள்.

"இந்தத் தடவை நான் சொல்றதும் உன் பெட்டி சொல்றதும் ஒண்ணுதான்" என்றாள். "இதையாவது நம்பச் சொல்லு."

பின்னால் காலி ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. ஹம்சா திரும்பிச் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினாள். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தாள். பதினொரு மணி மாத்திரைக்கு நேரமாகியிருந்தது.